10 ஆயிரம் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்திய மலை.. அமெரிக்காவின் நிலக்கரி பூமியில் என்ன நடந்தது? இப்போ அங்கே போனா என்ன பார்க்கலாம்?

1921-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பிளேர் என்ற மலை. ஒரு பக்கம், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிய சுமார் 10 ஆயிரம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். மறுபக்கம், மலை உச்சியில் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஷெரிஃப்பின் ஆட்கள் சுமார் 3 ஆயிரம் பேர். இடையில் வாடகைக்கு அமர்த்தப்பட்ட தனியார் விமானங்கள் வந்து தொழிலாளர்கள் பக்கம் வெடிகுண்டுகளைப் போட்டுவிட்டுப் போகின்றன. கடைசியில் அதிபர் வாரன் ஹார்டிங் ராணுவத்தையே அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க மண்ணில் நடந்த மிகப்பெரிய ஆயுதக் கிளர்ச்சி இதுதான். ஆனால் நியூயார்க், வாஷிங்டன், நயாகரா என்று சுற்றிவிட்டு வருபவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்கர்கள் பலருக்கே தெரியாது. அந்த மாநிலத்துப் பள்ளிகளிலேயே பல தலைமுறைகளாக இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை.

சில நூறு டாலர் கூலி உயர்வுக்காகவா இத்தனை பேர் துப்பாக்கி எடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கான பதில், அந்த ஊர்களின் ஓடைக்கரையிலும் நீதிமன்றப் படியிலும் இன்னமும் கிடக்கிறது. கார் இருந்தால் மூன்று நாளில் பார்த்துவிடலாம். எங்கே ஆரம்பிக்கணும், எதைப் பார்க்கணும், அங்கே என்ன நடந்தது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம் வாங்க.

அப்பலாச்சியா எங்கே இருக்கு?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வடக்கே இருந்து தெற்காக நீளும் மலைத்தொடர்தான் அப்பலாச்சியன். நாம் பார்க்கப் போகும் நிலக்கரி பூமி, மேற்கு வர்ஜீனியாவின் தெற்குப் பகுதியும், அதை ஒட்டிய கென்டக்கியின் கிழக்குப் பகுதியும். தலைநகர் வாஷிங்டனில் இருந்து காரில் சுமார் ஆறு மணி நேரம் ஓட்டினால் மேற்கு வர்ஜீனியாவின் தலைநகரம் சார்ல்ஸ்டன் வரும். தெற்கு கரோலினாவிலும் இதே பெயரில் கடற்கரை நகரம் ஒன்று இருக்கு. டிக்கெட் போடும்போது கவனம்.

இங்கே மலைகள் அவ்வளவு உயரம் கிடையாது. ஆனால் நெருக்கமானவை. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு தண்டவாளம், தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை வரிசையில் வீடுகள். அவ்வளவுதான் ஊர். உள்ளே போக ஒரு வழி, வெளியே வரவும் அதே வழி. இந்த நில அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடையின் வாயில் ஒரு காவலாளியை நிறுத்தினால் போதும், ஊரே பூட்டிய மாதிரி.

கம்பெனி ஊர் என்றால் என்ன?

துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரு சின்ன உலோகத் துண்டைப் பற்றிப் பேசணும். பழைய நாணயம் போல இருக்கும், நடுவில் ஓட்டையோ கம்பெனியின் முதல் எழுத்தோ இருக்கும். இதுதான் கம்பெனி டோக்கன். அந்த ஊர் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், பிளேர் மலைச் சண்டையைப் புரிந்துகொள்ள அங்கே இருக்கும் துப்பாக்கிகளைவிட இந்த டோக்கன்தான் முக்கியம்.

இந்தப் பள்ளத்தாக்குகளில் நிலக்கரி கிடைத்தபோது அங்கே ஊர்களே இல்லை. ரயில் பாதை வந்தது. நிலத்தை வாங்கிய நிறுவனங்கள் வீடு கட்டின, கடை வைத்தன, தேவாலயம், பள்ளிக்கூடம் என எல்லாவற்றையும் அவையே கட்டின. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெட்டி ஏற்றிய நிலக்கரிக்கு டன் கணக்கில் கூலி. எடை போடுவது கம்பெனி. கரியோடு கல் கலந்திருக்கு என்று சொல்லிக் கழிப்பதும் கம்பெனி. கூரைக்கு முட்டுக் கொடுப்பது, பாறையை அப்புறப்படுத்துவது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் கூலியே இல்லை. வந்த கூலியிலும் வீட்டு வாடகை, டாக்டர் கட்டணம், வெடிமருந்து, கருவிகளைச் சாணை பிடிக்கும் செலவு என்று பிடித்தம். சம்பள நாளுக்கு முன் பணம் வேண்டுமா? டோக்கன் தருவார்கள். அது கம்பெனி கடையில் மட்டும்தான் செல்லும். அந்தக் கடையில் விலை என்ன என்பதை முடிவு செய்வதும் கம்பெனிதான்.

அதனால்தான் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கும்: எடை பார்க்கும் இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் நிற்கணும். இவ்வளவு எளிமையான கோரிக்கைக்காகத்தான் ஆண்டுக்கணக்கில் அடிதடி.

வீடு இன்னும் மோசமான கண்ணி. வேலை போனால் வீடும் போகும். மேற்கு வர்ஜீனியா நீதிமன்றங்கள், இது வீட்டுக்காரர் - குடித்தனக்காரர் உறவு கிடையாது, முதலாளி - வேலையாள் உறவு என்று சொல்லிவிட்டன. அதாவது, தொழிற்சங்கத்தில் சேர்ந்த அன்றே சாமான்களைத் தெருவில் வீசலாம். அந்த வேலையைச் செய்வதற்கென்றே தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்று இருந்தது. பெயர் பால்ட்வின்-ஃபெல்ட்ஸ். துப்பறிவதைவிட அடியாள் வேலைதான் அதிகம்.

முதல் நிறுத்தம்: கூடாரங்கள் மீது பாய்ந்த கவச ரயில்

சார்ல்ஸ்டனில் இருந்து தெற்கே பெக்லி நகரத்துக்குப் போகும் சுங்கச் சாலையில் கார் விரையும்போது, பக்கத்திலேயே ஓர் ஓடை ஓடிவரும். அதன் பெயர் பெயின்ட் கிரீக். கொஞ்சம் தள்ளி இன்னொரு பள்ளத்தாக்கு, கேபின் கிரீக். சுங்கச் சாலையில் போகும் ஆயிரக்கணக்கான கார்களில் யாரும் இங்கே நிற்பதில்லை. பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1912 ஏப்ரலில் இந்த இரண்டு ஓடைக்கரைகளிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கின. மேற்கு வர்ஜீனியாவில் குளிர்காலம் என்றால் பனி கொட்டும். குழந்தைகளோடு அந்தக் குளிரைக் கூடாரத்திலேயே கழித்தார்கள். 1913 பிப்ரவரி 7-ம் தேதி இரவு, இரும்புத் தகடு போர்த்திய ரயில் ஒன்று ஹாலி குரோவ் என்ற இடத்தில் இருந்த கூடாரங்களைக் கடந்து போனது. உள்ளே உள்ளூர் ஷெரிஃப்பும் சுரங்க முதலாளி ஒருவரும் இருந்தார்கள். ரயிலில் இருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். தொழிலாளி ஒருவர் இறந்தார்.

இந்தப் போராட்டத்தில்தான் மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் வருகிறார். 'மதர் ஜோன்ஸ்' என்றால் அமெரிக்கத் தொழிலாளர்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் பிறந்தவர். 1867-ல் மெம்ஃபிஸ் நகரில் பரவிய மஞ்சள் காய்ச்சலில் கணவரையும் நான்கு குழந்தைகளையும் ஒருசேர இழந்தவர். இங்கே வந்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கறுப்பு உடை, மூக்குக்கண்ணாடி, பார்க்கப் பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி இருப்பார். பேச ஆரம்பித்தால் மாநில ஆளுநரையே மேடையில் வைத்துக் கிழிப்பார். ராணுவச் சட்டம் போட்டு அவரைக் கைது செய்து, சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போதே ராணுவ நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். பிராட் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் சுமார் 85 நாட்கள் காவலில் வைத்திருந்தார்கள். விஷயம் வாஷிங்டன் வரை போய், அமெரிக்க செனட் விசாரணைக்கே உத்தரவிட்டது.

பெக்லி: பூமிக்கு அடியில் ஒரு சவாரி

அடுத்து பெக்லி. இங்கே பழைய சுரங்கம் ஒன்றைச் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் போன அதே மாதிரியான தாழ்வான தண்டவாள வண்டியில் உட்காரவைத்து உள்ளே கூட்டிட்டுப் போவாங்க. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 14 டிகிரி செல்சியஸ்தான், அதனால ஸ்வெட்டர் முக்கியம். வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொழிலாளர்களே வழிகாட்டிகளாக வருவதுதான் இதன் சிறப்பு. இடுப்பு உயரம்கூட இல்லாத குகையில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கரி வெட்டுவது எப்படி என்று அவர்கள் சொல்லும்போது, டன் கணக்கு கூலி என்றால் என்னவென்று உடம்புக்கே புரியும்.

பெக்லியில் இருந்து வடக்கே நியூ ரிவர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2020 டிசம்பரில் தேசியப் பூங்கா அந்தஸ்து பெற்ற இடம். மலையேற்றம், படகு சவாரி என்று கூட்டம் வரும். அதற்குள்ளேதான் தர்மண்ட் என்ற ஊர் இருக்கு. ஒரு காலத்தில் நிலக்கரி ரயில்களால் பணம் புரண்ட ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை வெறும் 5. ரயில் மட்டும் இன்னும் நிற்கிறது. ஜான் சேல்ஸ் இயக்கிய 'மேட்வான்' திரைப்படத்தை 1987-ல் வெளியிட்டார்கள் இல்லையா, அதில் வரும் தெரு இந்த ஊர்தான். உண்மையான மேட்வான் இன்னும் தூரத்தில் இருக்கு.

ஹாக்ஸ் நெஸ்ட்: நமக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் பழைய கதை

இதே ஆற்றில் கொஞ்சம் தள்ளி ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடம். இது நிலக்கரிச் சுரங்கம் கிடையாது, ஆனாலும் விட்டுவிட முடியாது. 1930-ல் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி மின்சாரம் தயாரிப்பதற்காக மலையைக் குடைந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை தோண்டினார்கள். பாறையில் சிலிக்கா ஏராளம். தண்ணீர் தெளித்துத் துளையிட்டால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். எனவே உலர்வாகவே துளையிட்டார்கள். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தெற்கு மாநிலங்களில் இருந்து பிழைப்பு தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். சிலர் சில மாதங்களிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். 1936-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 476. பிற்காலத்தில் இதை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் கணித்தது 764.

மின்சாரம் யாருக்கு? யூனியன் கார்பைடு நிறுவனத்தின் உலோக ஆலைக்கு. ஆமாம், 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததே, அதே யூனியன் கார்பைடுதான். இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி. போபால் ஆலையில் கசிந்த அதே ரசாயனத்தைத் தயாரித்த இன்னொரு ஆலையும் இந்த மாநிலத்தில்தான் இருந்தது, சார்ல்ஸ்டன் பக்கத்தில்.

வெல்ச்: நீதிமன்றப் படிக்கட்டு

பெக்லியில் இருந்து தென்மேற்காக, வளைந்து வளைந்து போகும் மலைச் சாலையில் வெல்ச் வரும். மெக்டவல் மாவட்டத்தின் தலைநகரம். 1950-ல் இந்த மாவட்டத்தில் கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2020-ல் எண்ணியபோது 19 ஆயிரம்தான். தெருவில் நடந்தால் அந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும்: பூட்டிய கடைகள், உடைந்த ஜன்னல்கள், நல்ல உயரமான பழைய கட்டடங்கள். 1961-ல் அதிபர் கென்னடி தொடங்கிய உணவுக் கூப்பன் திட்டத்தின் முதல் கூப்பன்கள் இந்த மாவட்டத்தில்தான் கொடுக்கப்பட்டன. நாட்டுக்கே கரி கொடுத்த மாவட்டம்.

குன்றின் மேல் இருக்கும் நீதிமன்றத்தின் படிக்கட்டுதான் நாம் பார்க்க வேண்டியது. 1921 ஆகஸ்ட் 1-ம் தேதி, சிட் ஹாட்ஃபீல்ட் என்ற இளைஞரும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸும் ஒரு வழக்குக்காக மனைவிகளோடு இந்தப் படிகளில் ஏறினார்கள். கையில் ஆயுதம் கிடையாது. மேலே காத்திருந்த பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் சுட்டார்கள். இருவரும் அங்கேயே இறந்தனர். கீழே விழுந்த கணவர் சேம்பர்ஸை மீண்டும் சுட வந்தவனை, அவரது மனைவி சாலி குடையால் அடித்து விரட்டப் பார்த்தார். முடியவில்லை. சுட்டவர்கள் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

யார் இந்த சிட் ஹாட்ஃபீல்ட்? அவரை ஏன் கொன்றார்கள்? அதற்கு அடுத்த ஊருக்குப் போகணும்.

மேட்வான்: பத்துப் பேர் விழுந்த தெரு

கென்டக்கி எல்லையில், டக் ஃபோர்க் ஆற்றங்கரையில் மேட்வான். ஒரே ஒரு முக்கியத் தெரு. அதை ஒட்டி ரயில் பாதை.

1920-ல் இந்தப் பகுதித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சங்கத்தில் சேர ஆரம்பித்தார்கள். சேர்ந்தவர்களுக்கு வேலை போனது, பின்னாடியே வீடும் போனது. மே 19-ம் தேதி பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் ரயிலில் வந்து இறங்கி, ஸ்டோன் மவுன்டன் கம்பெனி வீடுகளில் இருந்து குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். தலைமை தாங்கியவர்கள் ஆல்பர்ட் ஃபெல்ட்ஸ், லீ ஃபெல்ட்ஸ் சகோதரர்கள். வேலை முடிந்து மாலை ரயிலைப் பிடிக்கத் திரும்பி வந்தபோது, ஊர்க் காவல்துறைத் தலைவர் குறுக்கே வந்து நின்றார். அவர்தான் சிட் ஹாட்ஃபீல்ட். இவரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளிதான். ஊர் மேயர் கேபெல் டெஸ்டர்மேனும் கூடவே இருந்தார்.

மற்ற ஊர்களில் அதிகாரிகள் கம்பெனி பக்கம் நிற்பதுதான் வழக்கம். மேட்வானில் மட்டும் போலீஸும் மேயரும் தொழிலாளர்கள் பக்கம். உன்னைக் கைது பண்றேன் என்று இவர் சொல்ல, உன்னைக் கைது பண்ண எங்ககிட்டயும் வாரண்ட் இருக்கு என்று அவர்கள் சொல்ல, அடுத்த நொடி துப்பாக்கிகள் பேசின. முதலில் சுட்டது யார் என்பதில் இன்றுவரை சண்டைதான். முடிந்தபோது 10 பேர் இறந்து கிடந்தார்கள்: ஃபெல்ட்ஸ் சகோதரர்கள் உட்பட ஏழு துப்பறியும் ஆட்கள், இரண்டு தொழிலாளர்கள், மேயர்.

இறந்த மேயரின் மனைவியை இரண்டே வாரத்தில் சிட் ஹாட்ஃபீல்ட் திருமணம் செய்துகொண்டார். பெண்ணுக்காக மேயரைச் சுட்டதே சிட்தான் என்று எதிர்த்தரப்பு அதை ஊதிப் பெரிதாக்கியது. நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. அந்த வழக்கில்தான் இன்னொரு அதிர்ச்சி. மேட்வானில் உணவகம் நடத்திக்கொண்டு, தொழிலாளர்களோடு நண்பனாகப் பழகிவந்த சி.இ.லைவ்லி என்பவர், சாட்சிக் கூண்டில் ஏறி நான் பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆள் என்று சொன்னார். வெல்ச் படிக்கட்டில் சுட்டவர்களில் ஒருவரும் இதே லைவ்லிதான்.

இன்று மேட்வானில் மேற்கு வர்ஜீனியா சுரங்கப் போர்கள் அருங்காட்சியகம் இருக்கு. 2015-ல் உள்ளூர்க்காரர்களும் வரலாற்று ஆர்வலர்களும் சங்கத்துக்காரர்களும் சேர்ந்து தொடங்கியது. சின்ன இடம்தான், ஆனால் இந்தப் பயணத்தில் ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கு என்றால் இங்கே போங்க. டோக்கன்கள், கூடாரத்தின் மாதிரி, அந்தக் காலத் துப்பாக்கிகள் எல்லாம் உண்டு. வெளியே செங்கல் சுவரில் குண்டு துளைத்த தடங்களைக் காட்டுவார்கள். வெள்ளத் தடுப்புச் சுவரிலும் ஊரின் வரலாற்றைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் வில்லியம்சனில் 1933-ல் 65 டன் நிலக்கரியாலேயே கட்டிய வீடு ஒன்று நிற்கிறது. 2010-ல் அது தீப்பிடித்தது. நிலக்கரி வீடு தீப்பிடிக்காமல் அத்தனை ஆண்டு நின்றதுதான் ஆச்சரியம்! சரிசெய்து வைத்திருக்கிறார்கள், ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.

பிளேர் மலையில் என்ன நடந்தது?

சிட் கொல்லப்பட்ட செய்தி பரவியதும் சார்ல்ஸ்டன் பக்கத்தில் மார்மெட் என்ற ஊரில் தொழிலாளர்கள் கூட ஆரம்பித்தார்கள். மேட்வான் இருக்கும் மிங்கோ மாவட்டத்தில் அப்போது ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. சங்கத்துக்காரர்கள் பலர் சிறையில். அவர்களை மீட்கணும், அதுதான் திட்டம். ஆகஸ்ட் 24-ம் தேதி வாக்கில் அணிவகுப்பு கிளம்பியது. வெள்ளையர், கறுப்பினத்தவர், இத்தாலி போன்ற நாடுகளில் இருந்து வந்த குடியேறிகள் என எல்லோரும் ஒரே வரிசையில். கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி என்று இருந்த காலம் அது. முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்களும் பலர். எனவே காவல் போடுவது, ரகசியச் சொல் வைத்துக்கொள்வது என்று பட்டாளம் மாதிரியே நடந்தார்கள். சிவப்புக் கைக்குட்டைதான் அடையாளம். 'ரெட்நெக்' என்ற சொல் அமெரிக்காவில் கிராமத்து ஏழை வெள்ளையரைக் கேலி செய்யும் வசைச்சொல். அது இவர்களுக்கு முன்பே இருந்த சொல்தான். ஆனால் அந்த மலைகளில் அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இந்தச் சிவப்புத் துணியைத்தான் காரணமாகக் காட்டுவார்கள்.

நடுவில் குறுக்கே நின்றது லோகன் மாவட்டம். அங்கே ஷெரிஃப் டான் சேஃபின். அவருடைய உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்ததே சுரங்க முதலாளிகள். சங்க ஆள் ஒருவரும் தன் மாவட்டத்துக்குள் வர முடியாது என்பது அவர் சபதம்.

உண்மையில் சண்டை நடக்காமலே போயிருக்கலாம். மத்திய அரசு அனுப்பிய ஜெனரல் பேச, சங்கத் தலைவர் ஃபிராங்க் கீனி தொழிலாளர்களைத் திரும்பச் சொல்ல, பலர் கிளம்பியும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து, ஷார்ப்பிள்ஸ் என்ற இடத்தில் இரவோடு இரவாக மாநில போலீஸும் சேஃபின் ஆட்களும் புகுந்து கைது நடவடிக்கையில் இறங்க, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவ்வளவுதான். திரும்பிப் போனவர்கள் கிடைத்த ரயிலைப் பிடித்து மறுபடி வந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 31 முதல் சில நாட்கள் மலை முழுக்கச் சண்டை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு கிடையாது. பதினாறு என்றும் சொல்கிறார்கள், நூறு வரை என்றும் சொல்கிறார்கள். ராணுவம் வந்து இறங்கியதும் சண்டை நின்றது. ராணுவத்தை எதிர்த்து யாரும் சுடவில்லை. எங்கள் சண்டை அரசாங்கத்தோடு கிடையாது என்பது தொழிலாளர்கள் நிலைப்பாடு. துப்பாக்கிகளை வீட்டுக்கும் காட்டுக்கும் கொண்டுபோய் ஒளித்தார்கள், சிலர் ஒப்படைத்தார்கள். ராணுவ விமானங்களும் வந்திருந்தன, ஆனால் அவை வேவு பார்த்ததோடு சரி. குண்டு போட்டது சேஃபின் வாடகைக்கு எடுத்தவை.

அரசாங்கம் தொழிலாளர்களை விடவில்லை. கொலை, சதி, தேசத் துரோகம் என்று கிட்டத்தட்ட ஆயிரம் பேர் மீது வழக்கு. களத்தில் வழிநடத்தியதாகச் சொல்லப்பட்ட பில் பிளிஸார்டை 1922-ல் சார்ல்ஸ் டவுன் என்ற ஊரின் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனை 1859-ல் விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுத்தது இதே நீதிமன்றம். பிளிஸார்ட் விடுதலை ஆனார். ஆனால் சங்கம் உடைந்துபோனது. மாநிலத்தில் சுமார் 50 ஆயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டுக்குள் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. தோல்விதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அரசு சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. அதே பள்ளத்தாக்குகளில் சில மாதங்களுக்குள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள்.

லோகன் நகரில் இருந்து 17-ம் எண் சாலையில் ஏறினால் பிளேர் மலையைக் கடக்கலாம். பெரிய நினைவிடம், நுழைவுச்சீட்டு, கேன்டீன் என்று எதிர்பார்க்காதீங்க. சாலையோரம் ஒரு வரலாற்றுப் பலகை. சுற்றிலும் மரங்கள். மலையின் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால் காட்டுக்குள் ஏறிப் போகக்கூடாது. மலை உச்சியையே வெடி வைத்துத் தகர்த்துக் கரி எடுக்கும் முறை இந்தப் பகுதியில் வந்தபோது, இந்த மலையும் போயிருக்க வேண்டியது. 2009-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். சில மாதங்களிலேயே நீக்கிவிட்டார்கள். வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2018-ல் மறுபடி பட்டியலில் வந்தது.

வரலாறு முடிஞ்சுபோச்சா?

பிளேர் மலையைத் தாண்டி கிழக்கே போனால் வைட்ஸ்வில் என்ற ஊர். சாலையை ஒட்டியே கறுப்பு கிரானைட் நினைவுச் சுவர். அதில் 29 மனிதர்களின் நிழல் உருவங்கள். 2010 ஏப்ரல் 5-ம் தேதி, பக்கத்தில் இருந்த அப்பர் பிக் பிரான்ச் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் இறந்தவர்கள். மாஸி எனர்ஜி நிறுவனத்தின் சுரங்கம். அங்கே சங்கம் கிடையாது. நிறுவனத்தின் தலைவராக இருந்த டான் பிளாங்கன்ஷிப், பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாகக் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை ஓர் ஆண்டு சிறை. வெளியே வந்து 2018-ல் செனட் தேர்தலில் போட்டியிட முயன்றார்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: கறுப்பு நுரையீரல் நோய். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து மூச்சு விடவே போராட வைக்கும் நோய். 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்த கோபத்தில், 1969 தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40 ஆயிரம் தொழிலாளர்கள் இந்த நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆண்டே நாடு முழுவதற்கும் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தூசிக்கு வரம்பு வந்தது. நோயும் குறைந்தது.

இப்போது திரும்ப ஏறுகிறது. காரணம் எளிது. கனமான கரிப் படலங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மெல்லிய படலத்தை எடுக்க, மேலேயும் கீழேயும் இருக்கும் பாறையையும் சேர்த்து இயந்திரம் அறுக்கிறது. அந்தப் பாறையில் சிலிக்கா. ஹாக்ஸ் நெஸ்ட்டில் கொன்ற அதே தூசி. இந்தப் பகுதியில் 25 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக 2018-ல் அரசு ஆய்வாளர்கள் சொன்னார்கள். சிலிக்கா வரம்பைப் பாதியாகக் குறைக்கும் விதி 2024-ல் வந்தது. எதிர்த்து வழக்குகள் வந்தன, 2025-ல் அமலாகவேண்டியது தள்ளிப்போனது.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டம் வரை போகலாம். 1931-ல் அங்கே நடந்த மோதல்களால் 'ரத்த ஹார்லன்' என்று பெயர் வாங்கிய இடம். 1973-ல் தொடங்கிய புரூக்சைடு வேலைநிறுத்தத்தை பார்பரா காப்பிள் ஆவணப்படமாக எடுத்து ஆஸ்கர் வாங்கினார். 2019-ல் பிளாக்ஜுவல் என்ற நிறுவனம் திவாலானபோது, சம்பளக் காசோலை திரும்பி வந்த தொழிலாளர்கள் கரி ஏற்றிய ரயிலின் முன்னால் தண்டவாளத்திலேயே உட்கார்ந்தார்கள். பெஞ்சமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, நாற்காலிகளும் கூடாரங்களும்தான். சுமார் இரண்டு மாதம் நீடித்தது. பக்கத்தில் பெனம் என்ற பழைய கம்பெனி ஊரில் நிலக்கரி அருங்காட்சியகம் இருக்கு. கரண்ட் பில்லைக் குறைக்க 2017-ல் அதன் கூரையில் சோலார் தகடு மாட்டியிருக்கிறார்கள்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

கார் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. ரயில் தர்மண்ட் வரை வரும், அதுவும் தினசரி கிடையாது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவது நல்லது, பெக்லி சுரங்கம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். மேட்வான் அருங்காட்சியகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் அடிக்கடி போய்விடும், வரைபடத்தை போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். தூரம் குறைவாகத் தெரிந்தாலும் வளைவுகள் அதிகம், நிலக்கரி லாரிகளும் எதிரே வரும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளூர் உணவகங்களில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். தாத்தா எந்தப் பக்கம் நின்று சுட்டார் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பேரன்களும் அதே ஊரில்தான் வாழ்கிறார்கள் என்பதால், யார் செய்தது சரி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தீங்க என்று ஆரம்பிப்பது நல்லது.